மூணு பந்து, ஒரு கூண்டு, சுடச்சுட மெழுகு
பிசியோதெரபி மாணவர்களின் ஆய்வகத்துக்குள் ஒரு குறுகுறு எட்டிப்பார்வை

பட்டுப்புடவையோடு வந்தால் உட்கார விடாத நாற்காலி ஒன்று காஞ்சிபுரத்திலேயே உண்டு, தெரியுமா? பிசியோதெரபி சிகிச்சை அறையின் மூலையில், ஆணிகூட வெளியே தெரியாத சாதாரண மர நாற்காலிதான் அது. ஆனால் கெடுபிடி அதிகம். மோதிரம் கூடாது, வாட்ச் கூடாது, கொண்டை ஊசி கூடாது. ஜரிகை போட்ட புடவை? ஐயோ, கிட்டவே கொண்டுவராதீர்கள்!

காரணம், பக்கத்தில் நிற்கும் 'ஷார்ட்வேவ் டயதெர்மி'. மாணவர்கள் செல்லமாக எஸ்.டபிள்யூ.டி. என்பார்கள். 27.12 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிற இந்தப் பெட்டி, தோலைத் தாண்டித் தசைக்குள்ளேயே சூட்டை உண்டாக்கும். அதன் புலத்துக்குள் உலோகம் அகப்பட்டால் சூடெல்லாம் அங்கே போய்க் குவியும், தோல் பொசுங்கிவிடும். அசல் காஞ்சிப் பட்டின் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் கொடுத்தது. ஊருக்கே பெருமை சேர்க்கிற சங்கதி, இந்த நாற்காலிக்கு மட்டும் ஆகாது. கட்டிலும் நாற்காலியும் மரத்தில் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரிசு. கழுத்து வலியோடு வருகிற பாட்டியிடம், "அம்மா, தாலியைக் கொஞ்சம் கழற்றுங்க" என்று எந்த மாணவன் வாய் திறப்பான்? கணுக்கால் வலி என்றால் மெட்டி. பாடப்புத்தகம் 'உலோகத்தை நீக்கு' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். சீனியர்கள் சொல்லித்தரும் வழி வேறு: பாட்டியோடு மல்லுக்கட்டாதே, மெஷினை மாற்று. வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்த சூட்டு ஒத்தடப் பை ஒன்றைத் துண்டில் சுற்றிக் கழுத்தில் போட்டால், தாலியை ஓரமாக நகர்த்தினாலே போதும். பாட்டிக்கும் திருப்தி, பையனும் தப்பித்தான்.

சரி, நாம் நோயாளி இல்லையே. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வாங்க, ஒவ்வொரு அறையாகப் பார்ப்போம்.

முதலில், இவர்கள் யார்?

பி.பி.டி. என்றால் பேச்சுலர் ஆஃப் பிசியோதெரபி. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பல வருஷமாக 4 ஆண்டுப் படிப்பு, அதன் பிறகு 6 மாதப் பயிற்சி என்று ஓடிக்கொண்டிருந்த பாடம். 2019 இறுதியில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை, காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்புக்கு ஊருக்குள் பஞ்சமில்லை: காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தில் சவீதா. வண்ணப் பட்டையில் கல்லூரி அடையாள அட்டை, முழங்கையில் மடித்துப் போட்ட வெள்ளைக் கோட்டு, பைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தொடையெலும்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மிரண்டுபோய் எழுந்து நின்றால், அங்கே ஒரு முதலாண்டு மாணவி உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கியதற்குப் போலியோதான் காரணம். பம்பாயில் போலியோ பரவி, பிழைத்த குழந்தைகளின் கால்கள் துவண்டுபோனபோது, அவர்களை நடக்கவைக்க ஆள் வேண்டியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு முதல் பள்ளி பிறந்தது. இன்றைக்கும் பழைய கல்லூரிகளின் கண்ணாடி அலமாரியில் தோல்பட்டையும் இரும்புக் கம்பியுமாகச் சின்னஞ்சிறு காலிபர்கள் இருக்கும். இயற்கையாகப் பரவும் போலியோ இந்தியாவில் கடைசியாக ஒருவருக்கு வந்தது 2011 ஜனவரியில். இன்று படிக்கிற பிள்ளைகள் புதிதாகப் போலியோ வந்த ஒருவரைப் பார்த்ததில்லை. பார்க்கப்போவதும் இல்லை என்று நம்புவோம்.

கூண்டுக்குள்ளே ஒரு சக மாணவன்

எக்சர்சைஸ் தெரபி லேப். கதவைத் திறந்ததும் வரவேற்பவர் ஆணியில் தொங்கும் எலும்புக்கூட்டார். ஒவ்வொரு கல்லூரியிலும் அவருக்கு ஒரு செல்லப்பெயர் இருக்கும். அது பெரும்பாலும் கண்டிப்பான ஒரு வாத்தியாரின் பெயராக இருக்கும். அதை நாம் எழுதப்போவதில்லை!

அவரைத் தாண்டினால் சுவரோரம் மரக் குறுக்குச் சட்டங்கள். ஸ்வீடன்காரர் பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உடற்பயிற்சிக் கழகத்தின் வழிவந்த சங்கதி இது. அதே ஊர்க்காரரான டாக்டர் குஸ்தாவ் சாண்டர், 1860களில் நெம்புகோலும் சக்கரமும் வைத்துப் பயிற்சி மெஷின்களைக் கட்டினார். இன்றைக்கு நீங்கள் மாதச் சந்தா கட்டிவிட்டுப் போகாமல் இருக்கிறீர்களே ஜிம், அதன் பாட்டனார் அவர்தான்.

பக்கத்தில் சுவரில் பதித்த பெரிய சக்கரம், 'ஷோல்டர் வீல்'. தோள்பட்டை இறுகிப்போனவர்கள் கைப்பிடியைப் பிடித்து வட்டமாகச் சுற்றுவார்கள். அதன் அடுத்தாற்போல் விரல் ஏணி: படிப்படியாக வெட்டிய ஒரு மரப்பட்டை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி அதில் ஏறவேண்டும். நேற்று பதினாலாம் படி, இன்றைக்குப் பதினாறு என்று நோயாளியே கணக்கு வைத்துக்கொள்வார். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுக்கம் அடிக்கடி வரும் என்பதால், இந்த ஏணிக்கு ஓய்வே கிடையாது.

அறையின் நடுநாயகம், கூண்டு! மூன்று பக்கமும் தலைக்கு மேலும் கம்பி வலை. ஆலிவ் குத்ரி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் பெயரால் வழங்கும் தொங்கல் சட்டகம் இது. உள்ளே ஒரு கட்டில்; அதன்மேல் ஒரு சக மாணவன் மல்லாக்கப் படுத்திருக்கிறான்; அவன் வலது கால் மட்டும் கயிறும் கான்வாஸ் பட்டையுமாக அந்தரத்தில் ஆடுகிறது. "டேய், மறந்துட்டு டீ குடிக்கப் போயிடாதீங்கடா!"

வேடிக்கையாகத் தெரிந்தாலும் உள்ளே துல்லியமான கணக்கு ஓடுகிறது. துவண்ட காலைத் தூக்க முடியாதவருக்கு, அந்தக் காலின் எடையைக் கயிறு தாங்கிக்கொண்டால், மிச்சமிருக்கிற கொஞ்ச சக்தியிலேயே பக்கவாட்டில் அசைக்க முடியும். கொக்கியை எங்கே மாட்டுவது என்பதில்தான் மார்க். இடுப்பு மூட்டுக்கு நேர் மேலே கொக்கி இருந்தால் கால் தரைக்கு இணையாக, சீராக ஆடும். நாலு விரற்கடை தள்ளிப்போனால், கால் ஒரு பக்கம் மேலேறி மறுபக்கம் சரியும். வாத்தியார் பேச மாட்டார். கூண்டின் கம்பியைத் தட்டி, கொக்கியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். கயிற்றை நீட்டிக் குறைக்க, நடுவில் துளையிட்ட ஒரு மரக்கட்டை இருக்கும். அதை ஒரே கையால் சாய்த்து, நிமிர்த்தி, பூட்டத் தெரிந்துவிட்டால், அன்றைக்கு அந்த மாணவன்தான் வகுப்பில் ராஜா.

பெருமாள்கள் எழுதிய பிராக்டிகல்

இவர்களின் வேதப்புத்தகம் டீனா கார்ட்னர் எழுதியது. பிள்ளைகள் 'கார்ட்னர்' என்றுதான் சொல்வார்கள். அதன்படி எல்லாப் பயிற்சிக்கும் ஐந்து அடிப்படை நிலைகள்: நிற்பது, மண்டியிடுவது, உட்காருவது, படுப்பது, தொங்குவது. மனப்பாடம் பண்ணக் கஷ்டமா? காஞ்சிக்காரர்களுக்கு அது ஒரு சாயங்காலக் கோயில் சுற்று!

ஊரகத்து உலகளந்த பெருமாள் நிற்கிறார். பாடகத்துப் பாண்டவதூதர் உட்கார்ந்திருக்கிறார். வெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் படுத்திருக்கிறார். அலைய நேரமில்லையா? பல்லவ மன்னன் நந்திவர்மன் கட்டிய வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனால் மூன்று அடுக்கில் மூன்று கோலமும் ஒரே இடத்தில். மண்டியிடுவதற்குப் பெருமாள்முன் கைகூப்பி இருக்கும் கருடாழ்வார். தொங்குவதற்கு, வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டப மூலையில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி. ஐந்தும் ஆச்சு, பிராக்டிகல் பாஸ்!

இதில் உலகளந்தாரைப் பிசியோ பிள்ளைகள் கும்பிடுகிற தினுசே தனி. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மறுகாலை உயரத் தூக்கியிருக்கிறார். ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால், நிற்கிற பக்கத்து இடுப்புத் தசை பலவீனம் என்று பொருள். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் பெயரால் வழங்கும் சோதனை அது. நம்மவருக்கு இம்மியும் சரியவில்லை. 'டிரெண்டலென்பர்க் நெகட்டிவ்!' என்று ஒருத்தி கிசுகிசுக்க, பக்கத்தில் நிற்பவள் சிரிப்பை அடக்கத் துளசியை வாயில் போட்டுக்கொள்வாள்.

வெஃகாப் பெருமாள் இன்னும் ஒரு படி மேல். திருமழிசை ஆழ்வார் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, அவர் சொன்னபடி பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனவர். திரும்பி வந்ததும் முன்பு படுத்திருந்ததற்கு மாறான பக்கமாகப் படுத்துக்கொண்டார் என்பது தலபுராணம். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று மூன்றாம் ஆண்டில் படிக்கிறபோது, இந்தக் கதை ஞாபகத்துக்கு வராத காஞ்சிபுரத்துப் பிள்ளை இருக்க முடியாது.

கரண்ட் வைக்கிற அறை

இப்போது எலெக்ட்ரோ லேப். ஊரில் எல்லாரும் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அது நடக்கிற இடம். பொத்தான்கள், வயர்கள், பட்டைகள், கூடவே "ஆ... ஆ... போதும்! குறைடி!"

இந்த வித்தை புதிசு ஒன்றும் இல்லை. ரோமாபுரியில் முதல் நூற்றாண்டு மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைத் தலைவலிக்காரர் நெற்றியில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். மீனுக்குப் பதில் இன்றைக்கு 'டென்ஸ்' என்ற மெஷின். அடிபட்ட இடத்தை நாம் ஏன் தேய்த்துவிட்டுக்கொள்கிறோம்? தொடு உணர்வு முந்திக்கொண்டு ஓடி, வலி போகிற வாசலை முதுகுத்தண்டிலேயே சாத்திவிடும் என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் சொன்னார்கள். டென்ஸ் பட்டை செய்வதும் அந்தத் தேய்ப்பைத்தான், மின்சாரத்தால்.

ஐ.எஃப்.டி. எனும் 'இன்டர்ஃபெரென்ஷியல் தெரபி' இன்னும் குறும்பு. ஒரு ஜோடிப் பட்டையில் விநாடிக்கு 4,000 தடவை துடிக்கும் மின்சாரம், குறுக்கே இன்னொரு ஜோடியில் 4,100. தனித்தனியாக இரண்டும் தோலை உறுத்தாமல் உள்ளே போய்விடும். சந்திக்கிற இடத்தில் ஒன்றோடொன்று மோதி, வித்தியாசமான அந்த 100 மட்டும் உடம்புக்குத் தெரியும். உறிஞ்சு கோப்பை வைத்த மாடலாக இருந்தால், எடுத்த பிறகு முதுகில் நாலு செக்கச்செவேல் வட்டம். ஹாஸ்டலில் அன்றைக்கு அதுதான் பேச்சு.

அல்ட்ராசவுண்ட் சிகிச்சை மெஷின் வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் சத்தம் காதுக்குக் கேட்காது. ஆழத்துக்கு 1 மெகாஹெர்ட்ஸ், மேலாக என்றால் 3. மாணவர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வட்டத் தலையைச் சுற்றி பிளாஸ்திரியை ஒட்டினால் ஒரு குட்டிக் கிண்ணம். அதில் சில சொட்டுத் தண்ணீர். மெல்ல அளவைக் கூட்டினால், அசையாமல் கிடந்த தண்ணீர் சிலிர்த்து, நடுவில் குமிழாகப் பொங்கித் துள்ளும்! முதல் தடவை பார்க்கிற எல்லார் வாயும் 'ஓ' என்று திறக்கும். இந்த அலை காற்றுக்குள் புகாது என்பதால்தான் தோலில் ஜெல் தடவுகிறார்கள். தடவிய பிறகு கை ஓயக்கூடாது; ஒரே இடத்தில் நிறுத்தினால் எலும்பில் சுருக்கென்று குத்தும். எஸ்.டபிள்யூ.டி.க்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. சின்ன நியான் குழாயைப் பக்கத்தில் கொண்டுபோனால், வயரே இல்லாமல் பளிச்சென்று எரியும்.

எல்லாருக்கும் பிடித்தது மெழுகுத் தொட்டி. பாரஃபின் மெழுகும் மினரல் ஆயிலும் கலந்து 50 முதல் 55 டிகிரிக்குள் உருகிக் கிடக்கும். கையை முக்கி எடு, காற்றில் பிடி, மறுபடி முக்கு. இப்படி ஏழெட்டு முறை முக்கினால் வெள்ளைக் கையுறை தயார். பிளாஸ்டிக் தாளும் துண்டும் சுற்றி 15 நிமிஷம். பிறகு மணிக்கட்டிலிருந்து உரித்தால், ரேகையோடு ஐந்து விரலும் அச்சாக அப்படியே கழன்று வரும். அதைத் தொட்டியிலேயே திரும்பப் போடவேண்டும் என்பதுதான் ஒரே துக்கம். இதைப் படித்துவிட்டு வீட்டில் மெழுகுவர்த்தியை உருக்கி முயற்சி செய்ய வேண்டாம். அந்த மெழுகு உருகுகிற சூடு அதிகம், கை வெந்துவிடும்.

இந்தக் கும்மாளத்துக்கு நடுவே விட்டுப்போகக்கூடாத ஒரு வேலை உண்டு. சூடோ கரண்ட்டோ வைப்பதற்கு முன், இரண்டு சோதனைக் குழாய்கள்: ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்நீர். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, மாறி மாறித் தோலில் வைத்து "சூடா, ஜில்லா?" என்று கேட்கவேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குச் சுடுவதே தெரியாது. அவர் "இன்னும் கொஞ்சம் வைங்க தம்பி" என்பார். குழாய்ச் சோதனையை மறந்த மாணவருக்கு, பரீட்சையில் மற்றது எத்தனை பிரமாதமாகச் செய்தாலும் வெளியிலிருந்து வரும் பரீட்சகரான எக்ஸ்டர்னலின் முகம் இறுகிவிடும்.

ஏன் எல்லா மெஷினையும் முதலில் தங்கள் மேலேயே வைத்துப் பார்க்கிறார்கள்? நோயாளி கேட்கப்போகிற முதல் கேள்வி, "எப்படி இருக்கும்?" என்பது. எறும்பு ஊர்கிற மாதிரியா, ஊசி குத்துகிற மாதிரியா, எது வரைக்கும் பொறுக்கலாம், எப்போது கத்தவேண்டும்? புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிற பதிலை நோயாளி நம்பமாட்டார்.

பாகைமானியும் மூணு பந்தும்

விலை உயர்ந்த மெஷின்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். எல்லார் பையிலும் இருக்கிற உண்மையான ஆயுதம் கோனியோமீட்டர். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ் பாகைமானிக்கு இரண்டு நீளக் கை முளைத்தால் எப்படியோ, அதுதான். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கவேண்டுமா? நடு அச்சை முழங்காலின் வெளிப்பக்க எலும்பு முண்டில் வை. ஒரு கை தொடையின் மேல்முனையில் துருத்தும் எலும்பைப் பார்த்து நிற்கட்டும். இன்னொன்று வெளிக்கணுக்காலைப் பார்த்து. இப்போது மடக்கச் சொல். 135 பாகை வந்தால் முழுசு. 90 என்றால் நாற்காலியில் உட்காரலாம், தரையில் சம்மணம் போடுவது சிரமம். நம் ஊரில் பந்தியில் உட்காரமுடியுமா என்பதே ஒரு பாகைக் கணக்கு!

தசை பலத்துக்குக் கருவியே வேண்டாம், கைதான். 0 முதல் 5 வரை மார்க். பூமி இழுப்பை மீறிக் காலைத் தூக்கினால் 3. எடையைத் தாங்கிக்கொடுத்தால் மட்டும் அசைந்தால் 2. அசைவே இல்லை, ஆனால் தசையின் மேல் வைத்த விரல்நுனிக்கு மினுக்கென்று ஒரு துடிப்பு தட்டுப்பட்டால் 1. 0க்கும் 1க்கும் நடுவே இருக்கிற அந்த மினுக்கைக் கண்டுபிடிக்க, மாணவர்கள் மாதக்கணக்கில் ஒருவர் தசையை ஒருவர் தொட்டுத் தொட்டுப் பழகுகிறார்கள்.

இதோ, வாக்களித்த மூணு பந்து. பிளாஸ்டிக் கூட்டில் மூன்று குழல், ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணப் பந்து, பக்கத்தில் ஒரு வாய்க்குழாய். அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் நுரையீரலை விரியவைக்கும் ஸ்பைரோமீட்டர். கையில் வாங்கிய எல்லாரும் செய்வது ஒன்றே: தம் கட்டி ஊதுவார்கள். பந்து அசையாது. ஊதக்கூடாது ஐயா, உறிஞ்சவேண்டும்! விநாடிக்கு 600 மில்லி இழுத்தால் முதல் பந்து, 900க்கு இரண்டாவது, 1,200க்கு மூன்றாவது. மூன்றையும் உச்சியில் அதிக நேரம் நிறுத்துவது யார் என்று பின்பெஞ்சில் எப்போதும் ஒரு போட்டி ஓடும். நாலு தடவைக்கு மேல் இழுத்தால் தலை கிர்ரென்று சுற்றும்.

பெரிய பந்தும் உண்டு. மேலே உட்கார்ந்து குதிக்கிற அந்த ராட்சச ரப்பர் பந்தை 1963இல் உருவாக்கியவர் இத்தாலிய பிளாஸ்டிக் தயாரிப்பாளர் அக்விலினோ கொசானி. பெயர் கிடைத்ததோ சுவிஸ் பந்து என்று. உழைத்தவர் ஒருவர், பேர் வாங்கியவர் ஒருவர்.

வாசற்படி தாண்டும் வித்தை

தாழ்வாரத்தில் இணைக்கம்பிகள், எதிரே ஆளுயரக் கண்ணாடி, நாலு படி ஏறி நாலு படி இறங்கும் மர மேடை. கால் நன்றாக இருக்கிற பிள்ளைகள் அக்குள்கட்டையை ஊன்றி நொண்டி நொண்டி ஊர்வலம் போவார்கள். அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை மொத்தமும் கையில்தான் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் அக்குள் வழியே போகும் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிவிடும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கோயில் ஊரில் கூடுதலாக ஒரு பாடம் உண்டு: நிலைப்படியை மிதிக்காமல் தாண்டவேண்டும். எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இதற்குப் படம் கிடையாது.

சக்கர நாற்காலிப் பயிற்சியில் ஒரு பெயர் தவறாமல் அடிபடும்: டாக்டர் மேரி வர்கீஸ். இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் டாக்டராக இருந்தவருக்கு, 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தது. ஓய்ந்துபோகவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டின் வழியில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் திறந்த மறுவாழ்வு நிலையம் இந்தியாவில் அந்த வகையில் முன்னோடி. 1972இல் பத்மஸ்ரீ. தங்களுக்கு முன்னால் ஒருவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஆபரேஷன் செய்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்த நாற்காலியில் ரேஸ் விடுகிற பையன்களும் கொஞ்சம் மரியாதையாக உருட்டுவார்கள்.

லேப்பில் இல்லாத ஒரு கருவி

ஸ்வீடன் சட்டம், இங்கிலாந்துக் கூண்டு, இத்தாலிப் பந்து. கருவியெல்லாம் கப்பலேறி வந்தவை. சிகிச்சைக்கு வருகிற உடம்போ பிள்ளையார்பாளையத்து நெசவாளர் உடம்பு. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் சுவாரசியமே.

குழித்தறியில் ஒருவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். தரையோடு தரையாகப் பலகை. கால் இரண்டும் குழிக்குள் மிதியில். தலை குனிந்து, முதுகு வளைந்து, கண் பாவிலேயே. கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரண்டு. ஒரு பக்கம் உதவிக்கு இன்னொருவர் கைகொடுக்கவேண்டும். நாள் முழுக்க இதே கோலம். "இடுப்பு விட்டுப்போச்சு தம்பி" என்று அவர் வந்தால், புத்தகம் சொல்கிற பதில்: உட்காராதீர்கள், ஓய்வெடுங்கள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். கூலி புடவைக்கு இத்தனை என்று கணக்கு. ஓய்வுக்கு யார் கூலி கொடுப்பது?

கெட்டிக்கார மாணவி வேறு மாதிரி கேட்பாள். "ஐயா, தார் எப்போ தீரும்?" ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் எப்படியும் கை நிற்கும். அந்த இடைவெளியில் பின்னால் சாய்ந்து ஒரு வளைவு, தோளை உருட்டி ஒரு சுற்று. வேலையும் கெடாது, கூலியும் குறையாது. உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து உயர்த்தினால் இடுப்பின் மடிப்பு குறையும். வீட்டுக்குப் போனால் விரல் ஏணிக்குச் சுவரில் கரிக்கோடு போதும்; கப்பிக்கு உத்தரத்தில் ஒரு கயிறு; எடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஏறக்குறைய ஒரு கிலோ. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடிப் போகிறது. வீட்டுக்குள் போன பிசியோவுக்குக் கூண்டும் இல்லை, சக்கரமும் இல்லை. இந்தச் சாமர்த்தியம்தான் கைகொடுக்கும்.

வைகாசி கருட சேவையில் வரதரைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வருஷக்கணக்கில் தண்டு அழுத்தி அழுத்தி அங்கே காய்ப்பு ஏறியிருக்கும். "பாரம் தூக்காதீங்க" என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்களேன்! தோள் மாற்றுவது எப்போது, எந்தக் கால் முன்னால் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லிக்கொடுத்தால்தான் பேச்சு எடுபடும்.

ஆகவே, காஞ்சிப் பக்கத்துக் கல்லூரிகளின் கொள்முதல் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: குழித்தறி, 1. சிரிக்காதீர்கள், முதல் உலகப்போரில் காயம்பட்டு வந்த வீரர்களின் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க, வெளிநாட்டு மருத்துவமனைகளே தறியைக் கொண்டுவந்து போட்டன. மிதி காலுக்கு, நாடா கைக்கு, நூல் எண்ணிக்கை மூளைக்கு. அவர்கள் தேடிப் போட்டதை நாம் பக்கத்துத் தெருவிலிருந்து தூக்கிவரலாம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டதால் சும்மா கிடக்கிற தறி ஊரில் எத்தனையோ. சொல்லிக்கொடுக்க மூத்த நெசவாளர் ஒருவரை உட்காரவைத்து, அவருக்கும் கௌரவமாக வாத்தியார் சம்பளம் கொடுங்கள்.

முதலாண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதில் உட்கார்ந்து நாலு அங்குலம் நெய்யட்டும். மற்றவர்கள் கோனியோமீட்டரோடு குழிக்குள் குனிந்து இடுப்பையும் முழங்காலையும் அளக்கட்டும். அப்புறம் வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கட்டும்: "கோர்வைக்கு நாடா எறியும்போது எந்தெந்தத் தசை வேலை செய்யுது, சொல்லு?" பதில் தெரியாத பிள்ளைக்கு அரியர் போடலாம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றாத எக்ஸ்டர்னலுக்கும் சேர்த்துத்தான்!